'எனக்கு ஒண்ணுமில்ல' என்கிறாரா அண்ணன்?

தீவிர மனநோய் உள்ளவர் டாக்டரிடம் வர மறுப்பது பல சமயம் பிடிவாதம் அல்ல, நோயின் அறிகுறியே. 'யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள்' என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. "தூக்கமே இல்லாம கஷ்டப்படுறியே, அதுக்கு டாக்டரைப் பார்ப்போமா?" என்று அவருக்கே தொந்தரவாக இருப்பதைப் பிடித்துப் பேசுங்கள்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் 14416-ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற இந்த அரசு உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை.

போகும்போது ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து தூங்கவில்லை, தனக்குத்தானே என்ன பேசுகிறார், எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினார். பழைய சீட்டும் காலி மாத்திரை அட்டையும் கூடவே இருக்கட்டும். ஓ.பி. கூட்டத்தில் டாக்டருக்கு இதுதான் பெரிய உதவி.

சாம்பாரில் மாத்திரையைக் கலக்கவே கலக்காதீர்கள். தெரிந்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகப்படுவார்.

தற்கொலைப் பேச்சோ வன்முறையோ இருந்தால் உடனே 108. அவர் சம்மதிக்காத நிலையிலும், 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர் சார்பில் செயல்படும் 'நியமனப் பிரதிநிதி' அவரை மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் உள்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, தேவையென்றால் முதலில் 30 நாள் வரை சேர்ப்பார்கள். சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் தடை செய்கிறது.

பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.