கண்ணாடித் தொட்டியில் முருகையும் கடற்பாசியும்

ஸ்தாசியோனே சென்ட்ராலேயின் முன்றிலிலிருந்து வியா லிங்கன் வழியே நடந்தால், தாவரவியற் பூங்காவைக் கடந்து சிறிது நேரத்தில் கடலை அடைந்துவிடலாம். அதே நிலையத்தில் தொடருந்து ஏறினால் மெசீனா நீரிணை வரை செல்லலாம். வீட்டுக் கூடத்தில் வைக்கும் ஒரு கண்ணாடித் தொட்டிக்கும் அந்நீரிணைக்கும் என்ன தொடர்பு என்பதையே இங்கு நாம் ஆராய முற்படுகின்றோம்.

நெடுந்தீவில் மதில்களாக அடுக்கப்பட்டிருக்கும் முருகைக்கற்களைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். அக்கல்லை ஆக்கியது ஒரு விலங்கு. வெப்பக் கடலின் முருகை உயிரிகள் பெரும்பாலானவற்றின் உடலுக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் உணவாக்கித் தம்மைத் தாங்கும் விலங்குக்கும் ஊட்டுகின்றன. ஆகவே முருகையை வளர்ப்போர் ஓர் அல்காவையும் சேர்த்தே வளர்க்கின்றனர்! அத்தொட்டியிற் கண்ணுக்குப் புலப்படும் பெரிய கடற்பாசியையும் இடலாமா என்பதே வினா.

இடலாம், இடுவதற்குத் தக்க காரணமும் உண்டு. மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா, பற்றீரியாக்களின் செயலால் ஈற்றில் நைத்திரேற்றாக மாறுகின்றது. இடும் உணவிலிருந்து பொசுபேற்றும் சேர்கின்றது. இவை மிகுந்தால் பாறைகளில் வழுக்கும் பாசி படர்ந்து முருகையை மூடும். கடற்பாசியோ இவ்விரண்டையும் உறிஞ்சியே வளர்கின்றது. ஆனால் பலர் மறந்துவிடும் ஒன்றுண்டு. பாசி உறிஞ்சியது தொட்டியை விட்டு நீங்குவது, வளர்ந்த பாசியை நாம் கையால் அறுத்து வெளியே எடுக்கும்போது மட்டுமே. அறுக்காது விட்டால் அது அழுகி, உறிஞ்சியதனைத்தையும் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். மறுபுறம், நீரில் ஊட்டம் அறவே இல்லாதுபோனால் முருகையும் வெளிறி மெலியும். அளவே இங்கு முதன்மையானது.

இரண்டையும் ஒரே பாறையில் அருகருகே வைத்தல் தகாது. பாசி ஒளியை மறைக்கும். நீரோட்டத்தில் அசைந்து உராய்ந்து முருகையின் மென்தசையைப் புண்படுத்தும். சில இனங்கள் தம்மிடமுள்ள வேதிப்பொருள்களால் தொட்ட இடத்தையே வெளிறச் செய்யும். கலிமீடா என்னும் பாசி, முருகை தன் கூட்டுக்கு நாடும் அதே கல்சியத்தை நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். எனவே அனுபவமிக்கோர் பாசிக்கெனத் தனியறை ஒன்றை அமைத்து, நீரை மட்டும் இரண்டுக்குமிடையே சுற்றவிடுகின்றனர். முருகைத் தொட்டியின் விளக்கை இரவில் அணைத்ததும் பாசியறையின் விளக்கை ஏற்றுவர். இரவில் உயிர்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பாசி எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை அதிகம் தாழாது நிற்கும். எளிமையான இவ்வேற்பாட்டை நாம் பெரிதும் மெச்சுகின்றோம்.

அவ்வறைக்கு ஏற்றது, சிக்குண்ட பச்சை நூற்பந்து போன்ற கீற்றோமோர்பா. பறவையிறகு போன்ற அழகிய கோலேர்ப்பாவையும் சிலர் விரும்புவர். பல கருக்களைக் கொண்டிருந்தும் அதன் முழுவுடலும் ஒரே கலம் என்பது வியப்புக்குரியது. இனப்பெருக்கக் காலத்தில் அது திடீரெனத் தன் உள்ளடக்கத்தை நீரிற் கொட்டி வெளிறி இறந்துவிடுவதுண்டு. அப்போது நீர் கலங்கும், ஒட்சிசன் குறையும். தொடக்கநிலையினர் இதனை வாங்காதிருத்தலே நன்று என்பது எமது கருத்து.

மற்றொரு காரணமும் உண்டு. கோலேர்ப்பா தக்சிபோலியா என்னும் இனம், செருமனியின் ஸ்டுட்கார்ட் நகர விலங்குத் தோட்டத்தின் நீர்த்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்டது. 1984ஆம் ஆண்டில், மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் கீழேயுள்ள கடலில் அது ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் பரப்பில் காணப்பட்டது. நீஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மெனேஸ் என்னும் அறிஞர் அதன் ஆபத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். நங்கூரங்களிலும் வலைகளிலும் ஒட்டிச் சென்ற சிறு துண்டுகள், சென்றவிடமெங்கும் வேரூன்றின. கடற்புல் வெளிகள் அதன் கீழ் மூடுண்டன. 1993இல் அது மெசீனா நீரிணையிலும் கண்டறியப்பட்டது. மத்தியதரைக் கடலிற் பரவியது தொட்டியில் வளர்ந்த வகையே என்பதை 1998இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் கரையில் அது பெருமளவு குறைந்துவிட்டது. எனினும் அவுத்திரேலியாவிலிருந்து வந்த அதன் உறவினமான கோலேர்ப்பா சிலிந்திரசேயா, சிசிலிக் கரைகளில் இன்றும் படர்ந்துள்ளது.

2000ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் கடற்கழி ஒன்றில் தக்சிபோலியா தென்பட்டபோது, அங்குள்ளோர் காலந்தாழ்த்தவில்லை. கறுப்பு விரிப்புகளால் மூடிக் குளோரீன் செலுத்தினர். முற்றாக ஒழிந்ததென 2006இல் அறிவிக்கும்வரை எழுபது இலட்சம் டொலருக்கு மேல் செலவாயிற்று.

எமது தாயகத்தை அடுத்த மன்னார் வளைகுடாவும் இத்தகைய இடரைக் கண்டது. மண்டபம் கரையில் வருவாய்க்காகப் பயிரிடப்பட்ட கப்பாபைக்கசு என்னும் அயற்பாசி, குருசடைத் தீவின் முருகைகள் மீது படர்ந்திருப்பது 2008இல் அறியத்தரப்பட்டது. மீனவக் குடும்பங்களுக்கு அது சோறிட்ட பயிர் என்பதால், அதனைத் தீமையென்று மட்டும் எழுதிவிட எமக்கு மனம் ஒப்பவில்லை.

இனிச் செய்முறை. அறுத்த பாசியைக் கழிநீர்த் தொட்டியிலோ கடலிலோ இடலாகாது. பையிற் கட்டி உறைபெட்டியில் ஒரு நாள் முழுவதும் வைத்து, அதன்பின் குப்பையிற் சேர்க்க வேண்டும். தொட்டி நீரை மாற்றும்போது அதில் மிதக்கும் துண்டுகளை நுண்ணிய துணியால் வடித்தெடுத்து, அவற்றையும் அப்பையிலேயே இடுதல் வேண்டும். ஊஸ்திகாத் தீவின் பாறைகளிற் காணும் செம்மஞ்சள் முருகையை எவரும் தொட்டிக்கெனப் பெயர்த்தெடுத்தல் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இனமாகும்.