குமரி முதல் குளச்சல் வரை: நான்கு நாள் கள வகுப்பு

கடலரிப்பு, மணல்திட்டு, ஓதம் ஆகியவற்றைக் கரும்பலகையில் படம் வரைந்தே நடத்திவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். இம்முறை எங்கள் பள்ளிச் சாரணர் பிரிவு மாணவ மாணவியர் இருபத்திரண்டு பேருடன் சனவரியில் கன்னியாகுமரியிலிருந்து கரையோரமாகவே குளச்சல் வரை நடந்தோம். ஏறத்தாழ 35 கி.மீ. மணலில் கால் புதையும் என்பதால் நாளுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வைக்கவில்லை. இரவில் கரையில் தங்காமல், வழியிலுள்ள பள்ளி மைதானங்களில் கூடாரம் அடித்தோம்.

அனுமதிக் கடிதங்களைவிடக் கடினமாக இருந்தது பெற்றோர் கூட்டம். "கடல் பக்கம் கூட்டிட்டுப் போறீங்க, பொறுப்பு யாரு சார்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. 2024 மே மாதம் நாங்கள் நடக்கவிருந்த இதே கரையில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. அப்போது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதும். இங்கே காற்றும் இராது, மழையும் இராது. அதனால்தான் மீனவர்கள் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான். பாடநூலில் ஓதத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குத் தரலாம்.

எனவே இரண்டு வாரம் வகுப்பிலேயே ஒரு வேலை நடந்தது. நிலவரைபடத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கரைவழியை நீலத்திலும், அதை விட்டு விலகி ஊருக்குள் செல்லும் மாற்றுவழியைச் சிவப்பிலும் மாணவர்களே வரைந்தார்கள். தினமும் காலையில் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பார்ப்பது ஒருவர் பொறுப்பு. ஈரமணலில் நடக்கக் கூடாது என்பது எல்லோருக்குமான விதி.

மணக்குடியில் பழையாற்றுப் பாலத்தைக் கடந்தபோது, 2004 ஆழிப்பேரலையில் முந்தைய பாலம் அடித்துச் செல்லப்பட்டதைச் சொன்னேன். பல ஊர்களில் கரையே இல்லை, கல்சுவர்தான். தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் குவிந்தும் மறுபக்கம் கரை அரிக்கப்பட்டும் இருப்பதைக் கண்ட ஒரு பையன், "இவங்க மணலை அவங்க ஊர்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கே சார்" என்றான். கடல்வழி மணல் நகர்வை நான் அதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

நான்காம் நாள் காலை கடியப்பட்டணம் தாண்டி வள்ளியாறு கடலில் சேரும் பொழிக்கு வந்தோம். ஒரு வாரம் முன்பு நான் வந்து பார்த்தபோது மணல்திட்டு அடைத்து, நடந்தே கடக்கும்படி இருந்தது. இப்போதும் தண்ணீர் முழங்காலளவுதான் தெரிந்தது. பிள்ளைகள் களைத்திருந்தார்கள், பாலம் வழியே சுற்றினால் மதிய உணவு தாமதமாகும். கைகோத்து இறங்கிவிடலாம் என்று நினைத்தேன், மறைக்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "நேத்து ராத்திரிதான் பொழி முறிஞ்சுது சாரே. நடுவுல ஆள் ஆழம். பிள்ளைகளை இறக்காதீங்க" என்றார். சிவப்புக் கோட்டில் திரும்பினோம். முணுமுணுப்பு இருந்தது.

மணவாளக்குறிச்சியில் பசி மறந்துபோனது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கருமணலில் வைத்ததும் இல்மனைட் துகள்கள் ஒட்டிக்கொண்டன. கனமான துகள்களை அலை கரையிலேயே விட்டு, இலேசான வெண்மணலை இழுத்துச் செல்வதால் வந்த கருமை அது. இதிலுள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பதால் யாரும் மணலை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

திரும்பிய பின் எல்லோரும் நினைவிலிருந்து வரைபடம் வரைந்தார்கள். ஒரு மாணவி வள்ளியாற்று முகத்தில் மட்டும் கரையைப் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தாள். காரணம் கேட்டேன். "அது தினமும் இருக்காதே சார்" என்றாள்.

அடுத்த முறை ஒரு நாள் கூடுதலாக வைக்க வேண்டும். முட்டத்துப் பாறைகளைப் பார்க்க எங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.