நேர்க்கோடுகள் தந்த வளைவு

வளைந்த பரப்பின்மேல் நேர்க்கோடு கிடக்குமா? ஒரு பந்தின்மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளியில் தொட்டு, இரு முனையும் விலகி நிற்கும். பானையின் வயிற்றிலும் அப்படியே. ஆனால் உடுக்கையைப் போல இடை சிறுத்த வளைபரப்பு ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் இரண்டு நேர்க்கோடுகள் செல்கின்றன. இரண்டும் அப்பரப்பைவிட்டு எங்கும் விலகுவதில்லை. கணிதத்தில் இதனை ஹைப்பர்போலாய்டு என்பர். அதிபரவளையத் திண்மம் எனத் தமிழில் வழங்கலாம்.

இந்த உண்மையைத் தேர்வில் நிறுவி முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும் அதன் பொருளை நான் உணரவில்லை என்பது, கையால் செய்ய முற்பட்டபோதுதான் தெரிந்தது. சென்ற குளிர்காலத்தில் எங்கள் துறைக் கண்காட்சிக்காக, இழையும் பிசினும் கொண்டு அப்பரப்பின் மாதிரி ஒன்றைச் செய்து தருவதாக வாக்களித்துவிட்டேன். செய்த முறையையும் அதில் கற்ற பாடத்தையும் இங்கே கூறுகிறேன்.

அளவுகள்

ஒட்டுப்பலகையில் இரண்டு வட்டத் தட்டுகள் அறுத்துக்கொள்க. மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் ஒவ்வொன்றிலும் 24 துளைகள் இடுக. அடுத்தடுத்த துளைகளுக்கிடையே 15 பாகை வரும். நடுவே ஒரு மரக்கம்பைச் செருகி, இரு தட்டுகளையும் 30 செ.மீ. இடைவெளியில் நிறுத்துக. மேல் துளையிலிருந்து நேர் கீழ்த் துளைக்கு நூல் கோத்தால் உருளை கிடைக்கும். எட்டுத் துளை தள்ளிக் கோத்தால், அதாவது 120 பாகை திருப்பினால், இடை சிறுத்த நம் பரப்பு தோன்றும்.

இடையின் ஆரம் எவ்வளவு? திருப்பிய கோணத்தில் பாதியை எடுத்து, அதன் கோசைனால் தட்டின் ஆரத்தைப் பெருக்குக. 60 பாகையின் கோசைன் அரை. ஆகவே இடை 5 செ.மீ. முழுதாக 180 பாகை திருப்பினால் கோசைன் பூஜ்யமாகும். நூல்களெல்லாம் ஒரு புள்ளியில் கூடி இரட்டைக் கூம்பு ஆகிவிடும்.

நேராகக் கோத்துவிட்டுப் பிறகு தட்டைத் திருப்பிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். நேர் நூலின் நீளம் 30 செ.மீ.; சாய்ந்த நூலுக்கோ 34.6 செ.மீ. வேண்டும். நூல் அறும், அல்லது தட்டு வளையும். முதலிலேயே சாய்வாகக் கோப்பதே முறை.

இழையும் பிசினும்

இழை இழுவையைத் தாங்கும்; தள்ளினால் மடங்கும். இறுகிய பிசின் கல்போல் நிற்கும், தட்டினால் உடையும். இரண்டும் கூடினால் ஒன்றின் குறையை மற்றது நிறைக்கும். திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரில், சுவருக்கு மண் மிதிக்கும்போது தாத்தா வைக்கோலை அள்ளிப் போடுவார். கூட்டுப்பொருள் என்று இன்று நாம் படிப்பதும் அந்த அறிவே.

சதர் பஜாரில் சணல் நூல் வாங்கினேன். திலக் பஜாரில் எப்பாக்சிப் பிசினும் அதற்குரிய கடினமாக்கியும் கிடைத்தன. நான் வாங்கிய பிசினுக்கு, எடையில் 100 பங்குக்குக் கடினமாக்கி 10 பங்கு. ஈரம் இருந்தால் பிசின் சரியாகப் பற்றாது என்பதால் சணலை வெயிலில் உலர்த்தினேன். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து, தூரிகையால் ஒவ்வோர் இழையாகப் பூசினேன்.

தில்லிக் குளிர் சும்மா விடுமா? மறுநாள் மாலையிலும் பிசின் விரலில் ஒட்டியது. பொறுமை இழந்து, அடுத்த முறை கடினமாக்கியை இரட்டிப்பாக்கி, முழுவதையும் ஒரே கிண்ணத்தில் கலந்தேன். கிண்ணம் சுட்டது, புகை எழுந்தது, பாதி இழை பூசுமுன் பிசின் கிண்ணத்திலேயே கட்டியாகிவிட்டது. பிசின் இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒரே திரளாக இருந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி வினையை மேலும் விரைவாக்குகிறது. மூன்றாம் முறை சரியான விகிதத்தில், சிறிது சிறிதாகக் கலந்து, நண்பகல் வெயில் விழும் அறையில் பூசினேன். நன்றாக இறுகியது.

சரிவும் தெளிவும்

அறைத்தோழர்கள் சூழ நிற்க, நடுக்கம்பை உருவினேன். மாதிரி நின்றது! பெருமையோடு அதன்மேல் ஒரு புத்தகத்தை வைத்தேன். மேல் தட்டு மெல்லச் சுழன்றது. இழைகள் மேலும் சாய்ந்தன. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முறுக்கிக்கொண்டு படுத்துவிட்டன. கண்காட்சிக்கு இன்னும் ஐந்தே நாள்.

கணக்கு சரி, பிசின் சரி. பின் ஏன் சரிந்தது? மறுநாள் மாலை இதே சிந்தனையோடு நடக்கையில், சாலையோரம் மோடா விற்கும் பெரியவர் ஒருவரின் கடை கண்ணில் பட்டது. தில்லியில் இருப்பவர்கள் மோடாவை அறிவார்கள். நாணல் இனத்துச் சர்க்கண்டாக் குச்சிகளை முஞ்சிப்புல் கயிற்றால் கட்டிய, இடை சிறுத்த இருக்கை. குனிந்து பார்த்தேன். குச்சிகள் எல்லாம் நேராகவே இருந்தன. பாதி வலப்புறமும் பாதி இடப்புறமும் சாய்ந்து, ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. இரண்டு பக்கமும் ஏன் என்று இந்தியில் கேட்டேன். அவர் சிரித்தார். “ஒரே பக்கம் சாய்த்தால் சுற்றிக்கொண்டு படுத்துவிடும், பேட்டா. எதிர்க்குச்சிதான் பிடித்து நிறுத்தும்.”

தேர்வில் எழுதிய ‘இரண்டு நேர்க்கோடுகள்’ அன்றுதான் எனக்கு விளங்கின. நூலை மிச்சப்படுத்த எண்ணி, நான் ஒரு தொகுதிக் கோடுகளை மட்டுமே கோத்திருந்தேன். பரப்பின் வடிவைக் காட்ட ஒரு தொகுதி போதும். அது நிற்க வேண்டுமானால் இரண்டும் வேண்டும். தட்டு ஒரு திசையில் சுழல முயன்றால், எதிர்த் தொகுதி அதைத் தடுத்துவிடும். அன்றிரவே புதிதாகக் கோத்தேன்: வலமாக 24, இடமாக 24, வெட்டும் இடந்தோறும் ஒரு சொட்டுப் பிசின். இரண்டு நாள் கழித்துக் கம்பை உருவினேன். இம்முறை ஏழு தடித்த புத்தகங்களைத் தாங்கி நின்றது.

இப்பரப்பை நேர்க்கோட்டின் சுழற்சியால் பெறலாம் என்பதை, இலண்டன் தூய பவுல் பேராலயத்தை அமைத்த கிறிஸ்டோபர் ரென் 1669-இல் வெளியிட்டார். ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷூகொவ், 1896-இல் நீஷ்னி நோவ்கொரத் கண்காட்சியில், நேரான இரும்புச் சட்டங்களை இருபுறமும் சாய்த்து ஒரு நீர்க்கோபுரம் எழுப்பினார். சண்டிகரில் லெ கொர்பூசியே வடிவமைத்த சட்டமன்றக் கட்டடத்திலும், அவை மண்டபத்தின் மேல் இவ்வடிவக் காங்கிரீட் கூடு கூரையைத் துளைத்து உயர்வதைக் காணலாம்.

கண்காட்சியில் என் மாதிரியின் அருகே ஒரு மோடாவையும் வைத்தேன். விளக்க அட்டையில் ரென்னின் பெயரும் ஷூகொவின் பெயரும் இருந்தன. எனக்குப் பாடம் சொன்ன பெரியவரின் பெயர் இல்லை. கேட்க எனக்குத் தோன்றவில்லை. படித்தவன் கை வேலை செய்பவரிடம் கற்க என்ன இருக்கிறது என்ற எண்ணம், நான் அறியாமலே என்னுள் இருந்திருக்கிறது. அது என் பிழை.

நண்பர்களே, நிறுவலை எழுதுங்கள். அதோடு நில்லாமல் ஒருமுறை செய்தும் பாருங்கள். துளையிட்ட தட்டுகளையும் மீதி நூலையும் சங்க அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம். குளிர் குறைந்த பிறகு தொடங்குங்கள். கடினமாக்கியை மட்டும் இரட்டிப்பாக்க வேண்டாம்!