விருந்தும் வரம்பும்

ஐரோப்பிய நாடுகளில் பனி கொட்டும் திங்கள்களில், நண்பர்கள் குழுவாகக் கூடி வெப்பமண்டலத் தீவுகளுக்குச் செல்வது பெருவழக்கு. தாய்லாந்தையொட்டி அந்தமான் கடலில் அமைந்துள்ள பீபீ தீவுகள் அவர்தம் விருப்பிற்குரியவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கு மழை குறைவு. கடலும் அமைதியாக இருக்கும். சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த மாயா விரிகுடா, 2000ஆம் ஆண்டில் வெளியான 'தி பீச்' என்னும் திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றது.

அப்புகழே அதற்குப் பகையாயிற்று. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கினர். படகுகளின் நங்கூரங்கள் பவளப்பாறைகளைச் சிதைத்தன. எனவே, 2018 ஜூனில் அரசு விரிகுடாவை மூடியது. பவளத் துண்டுகள் மீண்டும் நடப்பட்டன. மனித நடமாட்டம் ஓய்ந்ததும், துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்தன.

2022 ஜனவரியில் விரிகுடா திறக்கப்பட்டபோது புதிய விதிகளும் உடன் வந்தன. படகுகள் உள்ளே நுழையலாகாது, பயணியர் தீவின் மறுபுறத்தில் இறங்கி நடந்து வருதல் வேண்டும், நீந்தலாகாது, ஒரு நேரத்தில் வருவோர் தொகைக்கும் வரம்புண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் திங்கள்களில் விரிகுடாவிற்கு ஓய்வளிக்கப்படுகிறது.

சுற்றுலாவை நம்பி வாழும் படகோட்டிகளுக்கு மூடிய நாள்கள் இழப்பே. ஆயினும், பவளம் அழிந்தால் பயணியரும் வாரார்; பிழைப்பும் நில்லாது. விருந்தினர் வரம்பறிந்து நடப்பதே அத்தீவிற்கும் அதன் மக்களுக்கும் அவர்கள் செய்யும் கைம்மாறு.