மங்கலான படமும் தாவும் சிலந்தியின் கண்ணும்

குளியலறைச் சுவரிலோ, சன்னல் கம்பியிலோ, வாசலில் வைத்திருக்கும் பூந்தொட்டியிலோ ஒரு சின்னச் சிலந்தி நிற்கும். வலை கட்டியிருக்காது. விரலை அருகே கொண்டுபோனால் உடனே ஓடாது. திரும்பி உங்களை நேருக்கு நேர் பார்க்கும். அடுத்த நொடி ஒரே தாவலில் வேறோர் இடத்தில் இருக்கும். வீவக வீடுகளில் வசிக்கும் நம் எல்லாருக்கும் பழகிய விருந்தாளி அது. ஆனால் அதன் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மொத்த உடலே ஏறக்குறைய 6 மி.மீ. நீளம்தான் என்னும்போது முகம் எவ்வளவு இருக்கும்?

அந்த முகத்தைப் பார்க்கும் ஆசையில் நானும் ஒருநாள் கேமராவை எடுத்தேன். முதல் நாள் 80 படங்கள். ஒன்றில்கூடச் சிலந்தி தெளிவாக இல்லை. ஒரு படத்தில் சுவரின் சாயத்தில் இருந்த விரிசல் மட்டும் மிக அழகாக விழுந்திருந்தது! கை நடுங்கியதுதான் காரணம் என்று நினைத்தேன். பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி இயற்பியல்.

சிறு பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாக எடுப்பதே மேக்ரோ ஒளிப்படம். 6 மி.மீ. சிலந்தியின் பிம்பம் கேமராவுக்குள் இருக்கும் சென்சரில் அதே 6 மி.மீ. அளவில் விழுந்தால் உருப்பெருக்கம் 1. 12 மி.மீ. அளவில் விழுந்தால் உருப்பெருக்கம் 2. உருப்பெருக்கம் கூடக் கூட, ‘தெளிவாக விழும் பகுதியின் தடிமன்’ வேகமாகச் சுருங்குகிறது. இதைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு:

தடிமன் = 2 × எஃப் எண் × மங்கல் வட்டம் × (உருப்பெருக்கம் + 1) ÷ (உருப்பெருக்கம் × உருப்பெருக்கம்)

எஃப் எண் என்பது லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண். எண் கூடினால் துளை சிறியது. மங்கல் வட்டம் என்பது, நம் கண் இன்னும் ‘புள்ளி’ என்றே ஏற்றுக்கொள்ளும் மிகப் பெரிய வட்டம். 36 மி.மீ. அகலச் சென்சருக்கு அதை 0.03 மி.மீ. என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

எஃப் 8, உருப்பெருக்கம் 1 என்று போட்டுப் பாருங்கள். 0.96 மி.மீ. வரும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! உருப்பெருக்கம் 2 என்றால் 0.36 மி.மீ. சிலந்தியின் முன்கண்கள் தெளிவாக இருந்தால் முதுகு மங்கும். முதுகு தெளிவாக இருந்தால் முகம் மங்கும். நீங்கள் மூச்சு விடும்போது உங்கள் உடல் முன்னும் பின்னும் அசைவதே இந்தத் தடிமனைவிட அதிகம்.

“துளையை இன்னும் சிறிதாக்கினால் போயிற்று” என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல கேள்வி. 6 மி.மீ. முழுவதும் தெளிவாக வேண்டுமானால் எஃப் எண் 50 ஆக வேண்டும். ஆனால் ஒளி ஓர் அலை. சிறு துளை வழியே நுழையும்போது அது விரிந்து பரவுகிறது. இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். அதனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டாக மாறுகிறது. உருப்பெருக்கம் 1 இருக்கும்போது எஃப் 50 நடைமுறையில் எஃப் 100 போலச் செயல்படும். அப்போது பச்சை ஒளியில் அந்த வட்டின் விட்டம் ஏறத்தாழ 0.13 மி.மீ. நாம் ஏற்றுக்கொண்ட 0.03 மி.மீட்டரைவிட நான்கு மடங்குக்கும் மேல். படம் முழுவதும் ஒரே சீராக மங்கிப்போகும். ஆகவே பலரும் எஃப் 8-க்கும் 11-க்கும் இடையில் நிறுத்திக்கொண்டு, முன்கண்களை மட்டும் தெளிவாகப் பிடிப்பார்கள். அல்லது தூரத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒவ்வொன்றின் தெளிவான பகுதியையும் சேர்த்து ஒரே படமாக்குவார்கள். சிலந்தி அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

இப்போது கதை சுவாரசியமாகிறது. நாம் விரட்ட நினைக்கும் இந்த மங்கலைச் சிலந்தி தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது.

தாவும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களும் உள்ளே நீண்ட குழாய்களாக அமைந்தவை. அவற்றின் லென்ஸ் தலை ஓட்டோடு ஒட்டியிருப்பதால் அசையாது. குழாயின் மறுமுனையில் இருக்கும் விழித்திரைதான் அசைகிறது. அந்த விழித்திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடுக்குகள் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள், உலகின் வெப்பமான பகுதிகளில் வீடுகளுக்குள் பரவலாகக் காணப்படும் ஹசாரியஸ் அடான்சோனி என்ற தாவும் சிலந்தியை ஆராய்ந்து, 2012-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பச்சை ஒளியை உணரும் நிறமி அடுக்குகளில் இரண்டில் இருக்கிறது. ஆழத்தில் உள்ள அடுக்கில் பச்சைப் பிம்பம் தெளிவாக விழும். அதற்கு முந்தைய அடுக்கில் அதே பிம்பம் மங்கலாக விழும். பொருள் நெருங்க நெருங்க, பிம்பம் இன்னும் பின்னால் குவியும். முந்தைய அடுக்கில் மங்கல் கூடும். மங்கலின் அளவைக் கொண்டே சிலந்தி தூரத்தைக் கணிக்கிறது என்பது அவர்களின் கருத்து.

அதை எப்படிச் சோதித்தார்கள்? ஒளியின் நிறத்தை மாற்றினார்கள். பச்சை ஒளியில் சிலந்திகள் இரையின்மீது சரியாகத் தாவின. சிவப்பு ஒளியில் இரையை எட்டாமல் முன்னாலேயே விழுந்தன. லென்ஸ் சிவப்பு ஒளியைப் பச்சையைவிடக் குறைவாகவே வளைக்கும். ஆகவே பிம்பம் பின்னால் தள்ளிக் குவிகிறது, மங்கல் கூடுகிறது, சிலந்தி ‘இரை பக்கத்தில் இருக்கிறது’ என்று ஏமாறுகிறது. இதைப் படித்த பிறகு, என் 80 மங்கல் படங்களையும் நான் அழிக்கவில்லை.

இந்தக் கண்ணைப் படத்தில் பிடிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிர் நிறச் சிலந்தி ஒன்றின் பெரிய கண் சில படங்களில் கறுப்பாகவும் சில படங்களில் பழுப்பாகவும் இருக்கும். உள்ளே விழித்திரை நகர்வதுதான் காரணம். அது கேமராவை நோக்கியிருந்தால் கண் கறுப்பாகத் தெரியும். கறுத்த கண்ணோடு ஒரு படம் கிடைத்தால், அந்த நொடியில் அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது!

அடுத்தது ஒளி. சிலந்தியின் கண் பளபளப்பான உருண்டை. நேராக ஃபிளாஷ் அடித்தால் அதில் வெள்ளைப் பொட்டு விழுந்து கண்ணையே மறைத்துவிடும். ஒளி பெரிய பரப்பிலிருந்து வரவேண்டும். விலை உயர்ந்த கருவி வேண்டாம். வெள்ளைப் பால் கலனை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் பொருத்தினாலே போதும். கைப்பேசிதான் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். கைப்பேசி லென்ஸின் குவியத் தூரம் 5 மி.மீ., கிளிப் லென்ஸின் குவியத் தூரம் 25 மி.மீ., சென்சரின் அகலம் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. அகலப் பரப்பு படத்தை நிரப்பும். பெரிய கேமராவில் உருப்பெருக்கம் 1-இல் கிடைக்கும் 36 மி.மீட்டருக்கு அது சளைத்ததில்லை.

எங்கே தேடுவது? சண்டைச் சிலந்தி பிடித்த கதையை உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் சிறுவர்கள் அவற்றைப் புதர்களில் பிடித்து, தீப்பெட்டிக்குள் இலையோடு வைத்து மோதவிடுவார்கள். இரண்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடுவில் நூலால் கூடு கட்டிச் சிலந்தி இருக்கும். பார்க்கும் முறையை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். தீப்பெட்டி நமக்கு வேண்டாம். பூங்காக்களிலும் இயற்கை வளக் காப்பகங்களிலும் அனுமதியின்றி உயிரினங்களைப் பிடிக்கவும் கூடாது.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. சிலந்தி அசையாமல் இருப்பதற்காக அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துப் படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் இறந்த சிலந்தியைக் காலை விரித்து வைத்தும் எடுப்பார்கள். சிலந்தியின் காலில் உள்ள சில முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் அவை நீள்கின்றன, தாவுவதும் அப்படியே. உயிர் போனால் அழுத்தம் போய்விடும், கால்கள் உள்நோக்கிச் சுருளும். ஆகவே கால் சுருண்ட, உடல் தொய்ந்த ‘அழகிய’ படத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். உயிரியல் தெரிந்தவரிடம் அந்தப் பொய் செல்லாது.

கேமரா காட்டாத பக்கமும் ஒன்று இருக்கிறது. இட்லிப்பூ என்று நாம் சொல்லும் வெட்சிப் புதர்களில் காஸ்மோஃபேசிஸ் அம்பிரேட்டிகா என்ற அழகிய தாவும் சிலந்தி வாழ்கிறது. ஆண் சிலந்தியின் முகமும் உடலும் புற ஊதாக் கதிரைப் பிரதிபலிக்கும். பெண்ணின் வாயருகே உள்ள உணர்கொம்புகள் அதே கதிர் பட்டால் பச்சையாக ஒளிரும். புற ஊதாக் கதிரை வடிகட்டிவிட்டால் அவற்றின் காதல் நடனமே தடுமாறுகிறது என்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2007-இல் காட்டியது. சாதாரணக் கேமராவில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். நாம் எவ்வளவு தெளிவாக எடுத்தாலும், அந்தப் பெண் சிலந்தி காணும் ஆண் முகம் நம் படத்தில் இருக்காது.

படம் எடுத்ததும் தேதி, இடம், எந்தச் செடி, ஏறத்தாழ எத்தனை மி.மீ. என்று குறித்து வையுங்கள். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 2022-இல் 50,000-ஐத் தாண்டின. பல இனங்களை நுண்ணோக்கி இல்லாமல் உறுதிசெய்ய முடியாது. படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிட அவசரப்படாதீர்கள். ஜோசப் கோ எழுதி 1989-இல் வெளிவந்த சிங்கப்பூர்ச் சிலந்திகள் கையேடு நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள்.

வாரயிறுதிக்கு ஒரு கணக்கு. உங்களிடம் உருப்பெருக்கம் 1.5 தரும் லென்ஸ் இருக்கிறது, எஃப் எண் 11. தெளிவாக விழும் பகுதியின் தடிமன் எவ்வளவு? விடை 0.7 மி.மீட்டரிலிருந்து 0.8 மி.மீட்டருக்குள் வந்தால் சரி. பிறகு ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து அதே அமைப்பில் படம் எடுத்து, எத்தனை கோடுகள் தெளிவாக விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அளவுகோல் தாவி ஓடாது.