பெயரில்லாத கவியும் பெயர் மறைத்த கவிதையும்

எங்கள் மூத்தம்மாவுக்குக் கவிகள் ஏராளம் மனப்பாடம். பாய் இழைக்கும்போது மட்டும் வாய்க்குள் பாடுவார். வாசலில் யாராவது செருமினால் நிறுத்திவிடுவார். "இது ஆர் பாடின கவி மூத்தம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆருக்குத் தெரியும் புள்ள, ஊரார் பாடினதுதான்" என்றார்.

அந்த 'ஊரார்' என்ற சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஊரார் என்றால் நமக்குப் பயம். 'ஊர் என்ன பேசும்' என்ற ஒரு கேள்வியிலேயே எத்தனையோ பேரின் பாட்டும் எழுத்தும் நின்றுபோயிருக்கின்றன. அதே ஊரார்தான் இந்தக் கவிகளையும் பாடினார்களாம்.

நமது கிழக்கிலங்கைக் கவி பெரும்பாலும் நான்கு அடி. மெட்டு பொது. மச்சான், கிளி, வயல், காவல் என்று சொற்களும் பொது. எல்லாமே பொதுவென்றால் தனித்துவம் எங்கே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கவி சொல்லும் பெண், பேச்சில் சொல்லவே முடியாததையெல்லாம் சொல்கிறாள். விருப்பத்தைச் சொல்கிறாள். வாக்கு மாறியவனை ஏசுகிறாள். பெயர் இல்லை, மெட்டும் அவளுடையதல்ல. ஆகவே பிடித்துக் கேட்க ஆளில்லை. பொது மெட்டு அவளுக்கு நல்ல மறைப்பு.

அச்சு வந்ததும் அந்த வசதி போய்விட்டது. கவிதைக்குக் கீழே ஒரு பெயர் வேண்டும். தமிழ்நாட்டில் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, பருவமடைந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து எழுதினார். 'சல்மா' என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். 2000ஆம் ஆண்டில் முதல் தொகுப்பு வந்தது. நமக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் வாழும் அனாரும் புனைபெயரில் எழுதுபவர்தான். 2004இல் 'ஓவியம் வரையாத தூரிகை' வெளிவந்தது. பெயரை மறைப்பது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்ல வந்ததை மாற்றாமல் இருப்பதற்காகப் பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

தனக்கென்று ஒரு நவீன மொழியை உருவாக்கிக்கொண்ட அதே அனார்தான் 2013இல் கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களைத் தொகுத்து 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற நூலாகத் தந்தார். தன் குரலைத் தேடியவர் ஊராரின் குரலையும் தேடிப் போயிருக்கிறார்.

இப்போதைய பாட்டுக்கு வருவோம். கல்யாண வீட்டு ஸ்பீக்கரிலும் வகுப்பில் எல்லோர் வாயிலும் அந்த வாரத்துச் சினிமாப் பாட்டு ஒன்றுதான். அது தெரியாது என்றால் "நீ எந்தக் காலத்து ஆள்?" என்று கேட்பார்கள். "இதுவும் பொது மெட்டுத்தானே, கவிக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா?" என்று தோழி மடக்கினாள். இரண்டு நாள் யோசித்தேன். மூத்தம்மா ஒரே கவியை மூன்று விதமாகச் சொல்வார். தன் மனநிலைக்கு ஏற்ப ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைப்பார். கவியில் அதற்கு இடமிருந்தது. பதிவான பாட்டில் நான் ஒரு சொல்லை மாற்றினால் "பிழையாப் பாடுறா" என்று சிரிக்கிறார்கள்.

கவிதை எழுதும் நாங்களும் பெரிதாக மாறுபட்டவர்கள் அல்லர். கையெழுத்துப் பிரதிகளைப் புரட்டிப் பாருங்கள்: சிறகு, கூண்டு, மௌனம், வானம். என் முதல் நான்கு கவிதைகளிலும் சிறகு இருந்தது. சினிமாப் பாட்டைக் குறை சொல்லும் நாங்கள் சிறகை மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்குகிறோம்.

ஐந்தாவது கவிதையில் சிறகு இல்லை. மூத்தம்மாவின் பாயும், அவர் பாட்டை நிறுத்திய அந்தச் செருமலும் இருக்கின்றன. வாசித்த உறவினர் ஒருவர், "வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்ற?" என்றார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

அதை இந்த இதழுக்குக் கொடுத்திருக்கிறேன். கீழே 'உயர்தர வகுப்பு மாணவி' என்று மட்டும் இருக்கும். கட்டுரைக்கு முழுப்பெயரும் எழுதிவிட்டேன். கட்டுரை எழுதினால் ஊரில் யாரும் ஒன்றும் பேசுவதில்லை.