ப்ளோவர் சுவிட்ச் யார் கையில்?



பழைய மகாபலிபுரம் சாலையில் 300 வீடுகள் வரப்போகும் குடியிருப்புக்கு, தங்கையே, நீ வரைந்த திட்டத்தைப் பார்த்தேன். தண்ணீர், குப்பை, மின்சாரம் மூன்றும் வளாகத்துக்குள்ளேயே சுழன்று வரும்படி அம்புக்குறிகள் போட்டிருக்கிறாய். கணக்கும் சரிதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் கழிப்பறைக்கு மட்டும் 54,000 லிட்டர். அங்கே சுத்திகரித்த நீரைத் திருப்பிவிட்டால் 12,000 லிட்டர் லாரி தினமும் நான்கு நடை குறையும். 2019 ஜூனில் குடத்தோடு லாரிக்குக் காத்துநின்ற சென்னை இது. இங்கே அது பெரிய மிச்சம்.

ஆனால் உன் படத்தில் ஆட்களே இல்லை.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். பல வருடங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) அமைத்து, ஓட்டிக் காட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறே மாதத்தில் ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறது என்று ஃபோன். போய்ப் பார்த்தால் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஈ.பி. பில்லைக் குறைக்கச் சொல்லி அசோசியேஷன் உத்தரவு போட்டிருந்தது. ஆபரேட்டர் இரவில் தொட்டிக்குக் காற்று செலுத்தும் ப்ளோவரை நிறுத்திவிடுவார். காற்று கிடைக்காமல், தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போயின. நாற்றம் பொறுக்காமல் ஃப்ளஷ் குழாயில் நல்ல தண்ணீரையே இணைத்துவிட்டார்கள். அதுவும் லாரித் தண்ணீர். மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைவிட லாரிக்குக் கொடுத்தது அதிகம். மின்கட்டணத்தைப் பார்த்தவர் செயலாளர், லாரிப் பில்லைப் பார்த்தவர் பொருளாளர். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தவறு.

அதனால் ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் ஓர் ஆளை எழுது. ஃப்ளஷுக்குத் தனிக்குழாய் போடுவது பில்டர் பொறுப்பு; சுவர் எழும்பிய பிறகு கேட்டால் உடைக்கத்தான் வேண்டும். முதல் வருடம் எஸ்.டி.பி.யை ஓட்டிக் காட்டுவதையும் அவர் ஒப்பந்தத்திலேயே சேர். கழிப்பறையில் ஆசிட் ஊற்றினால் அதுவும் தொட்டிக்குத்தான் வந்து சேரும். இதை வீட்டுக்காரர்களுக்குக் கூட்டம் போட்டுச் சொன்னால் மட்டும் போதாது. பல வீடுகளில் கழிப்பறை கழுவுவது வேலைக்கு வரும் அக்காதான். அவரிடம் யார் சொல்வார்கள்?

குப்பையும் அப்படித்தான். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மட்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. நீ சாண எரிவாயுக் கலன் போலொன்று வரைந்திருக்கிறாய், நல்லது. அந்த கேஸில் யார் சமைப்பார்கள்? காவலாளிகளுக்கு ஒரு சமையலறை கட்டினால், ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் விழுந்த அன்றே கேள்வி கேட்க ஆள் இருக்கும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளைக் கட்டியபோது, அந்த நீரை வாங்கத் தொழிற்சாலைகள் இருந்தன. வாங்குபவர் இல்லாமல் எந்தச் சுற்றும் சுற்றாது.

கடைசியாக ஆபரேட்டர். காற்று, தண்ணீர், சேறு எல்லாம் அவர் கையில். தொட்டிக்குள் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்தி நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடைசெய்திருந்தும் வருகிறது. பம்பை மேலிருந்தே தூக்கி எடுக்கும்படி தொட்டியை வரை. அடைப்பு எடுக்க ஒருவர் உள்ளே இறங்கியே ஆக வேண்டிய தொட்டியை நீ வரைந்தால், அந்த உயிருக்கு நீயும் பொறுப்பு.

உன் மதிப்பீட்டில் இயந்திரங்களுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. ஆபரேட்டர் சம்பளத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இரவுப் பணிக்கு இன்னொருவர், இருவருக்கும் பயிற்சி, இரவு முழுவதும் ப்ளோவர் ஓடுவதற்கான மின்செலவு எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தி அனுப்பு. அவர்கள் சம்பளம் முதல் வரியில் இருக்கட்டும்.